பேச்சு தெளிவாக இல்லை

கூட்டக் குறிப்பின் பதினோராம் பக்கத்தில் அந்த வரி இருந்தது. "திருமதி குப்பம்மா, மீன் வியாபாரம். பேச்சு தெளிவாக இல்லை. வேலைவாய்ப்பு கோரினார்."

சிவந்தி ஜெராக்ஸ் கடை வாசலிலேயே நின்று அதை மூன்று முறை படித்தாள். சட்டக் கல்லூரியில் நான்காம் ஆண்டு மாணவி அவள். போன மாதம் திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு, கல்லூரியின் சட்ட உதவி மையத்திலிருந்து அவளும் வகுப்புத் தோழன் உதயாவும் போயிருந்தார்கள். கடலோர நிலக்கரிக் கிடங்கு ஒன்றை இரண்டு மடங்காகப் பெரிதாக்க அதன் கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. அதற்கு முன் அக்கம்பக்கத்து மக்களைக் கேட்க வேண்டும் என்பது சட்டம்.

முப்பத்தேழு பேர் பேசினார்கள். குப்பம்மா பேசியது ஒன்பது நிமிடம். கிடங்குக்குப் பின்னால் இருக்கும் குப்பத்தில் கருவாடு போடுகிறவள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கருவாடு காயப்போட்டா மேல கரிதான் படியுது. எத்தினி தபா கய்வினாலும் கறுப்பு போவல. சரி, அத்த வுடு. என் சின்னப் பொண்ணுக்குப் பத்து வயசு. படுத்தா மூச்சு வுட முடியல, ஒக்காந்துகினே தூங்குது. டாக்டரு வூட்ட மாத்துன்றாரு. வூட்ட மாத்தலாம் சார், கடல எங்க மாத்தறது? எங்க பொயப்பு அங்கதான கீது?"

மண்டபமே கைதட்டியது. வேலை என்ற சொல் அவள் வாயில் ஒரு முறைகூட வரவில்லை.

மறுநாள் காலை இருவரும் குறிப்பை எடுத்துக்கொண்டு, கூட்டத்தை நடத்திய அலுவலகத்துக்குப் போனார்கள். அதிகாரி பக்கத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"தம்பி, பேசறதையெல்லாம் அப்படியே எழுத முடியுமா? சுருக்கமாத்தான் வரும்."

"சுருக்கம் இல்ல சார் இது. அவங்க சொல்லாததை எழுதியிருக்கீங்க" என்றான் உதயா.

"அந்தம்மா பேசினது முதல்ல தமிழா? இங்க ஒருத்தருக்கும் ஒரு வார்த்தை புரியல." அவர் சிரித்தார். அடுத்த மேசைக்காரரும் சேர்ந்து சிரித்தார்.

சிவந்திக்குக் காது சூடேறியது. கொருக்குப்பேட்டையில் ரயில்வே லைனை ஒட்டிப் பிறந்து வளர்ந்தவள் அவள். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் வகுப்பில் எழுந்து "இன்னா சார்" என்று கேட்டதற்கு இப்படித்தான் சிரித்தார்கள். அதற்கப்புறம் மூன்று வருடமாக ஒவ்வொரு சொல்லையும் சரிபார்த்துத்தான் வெளியே விட்டாள். இன்றைக்கு முடியவில்லை.

"எனக்குப் புரிஞ்சுது சார். உங்களுக்கு இன்னா புரியல? கரின்னா புரியலியா? கொயந்தைக்கு மூச்சு வுட முடியலன்னா புரியலியா? கம்பெனிக்காரரு இங்கிலீஷ்ல பேசினது மட்டும் ஆறு பக்கம் புரிஞ்சுகீதே, அது எப்டி?"

சிரிப்பு நின்றது. "மரியாதையா பேசும்மா. படிக்கிற பசங்கன்னு உள்ள விட்டேன் பாரு. கூட்டத்தோட வீடியோ வேணும்னா மனு போட்டுட்டுப் போங்க. கேமராவுல சவுண்டு சரியா விழலைன்னு சொன்னாங்க."

படி இறங்கும்போது உதயா சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான். "என் போன்ல இருக்கு. மூணு மணி நேரமும்" என்றான்.

வழக்குப் போடுவது என்று முடிவாயிற்று. அடுத்த நான்கு நாள் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து முப்பத்தேழு பேர் பேசியதையும் கேட்டுக் கேட்டு எழுதினார்கள். உதயா மாத்தூர்க்காரன், நிதானமானவன். இரண்டாம் நாள் அவன் எழுதியதைப் பார்த்ததும் சிவந்தி பேனாவை வைத்துவிட்டாள். 'எனது மகளுக்குச் சுவாசக் கோளாறு உள்ளது' என்று இருந்தது.

"யாரு சொன்னது இத?"

"நீதிபதிக்குப் புரியணும்ல சிவந்தி?"

"புரியலன்னா கேக்கட்டும். நாமளும் மாத்தி எழுதினா, அந்த ஆளு பண்ணதத்தான நாமளும் பண்றோம்?"

அவன் எழுதியதை அடித்துவிட்டு ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டான்.

எழுதியதைக் குப்பத்துக்குக் கொண்டுபோய் ஒவ்வொருவருக்கும் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். அரசுக் குறிப்பில் இருந்த வரியையும் சிவந்தி படித்தாள். கருவாட்டுக் கூடையைக் கட்டிக்கொண்டிருந்த குப்பம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"வேலையா? நான் கேட்டனா? அந்தக் கரிக்குள்ள போயி வேலை வேணும்னு நானா கேட்டேன்?" எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள். "பொண்ணு மூச்ச பத்தி அவ்ளோ பேர் முன்னாடி சொன்னேன். எங்கியும் சொன்னதில்ல கண்ணு, நாளைக்கு அவளக் கட்டிக் குடுக்கணுமேன்னு. வாயத் தொறந்து சொன்னேன்."

வழக்கை எடுத்தவர் அதே கல்லூரியில் படித்த வக்கீல் ரோஸ்மேரி. அவர் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு விதி. கூட்டம் முடியும்போது, எழுதிய குறிப்பை மக்கள் முன்னால் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். உதயாவின் பதிவில் கூட்டத்தின் கடைசிக் குரல் இது: "கூட்டம் முடிஞ்சுது, பிரியாணி பொட்டலம் வெளியில இருக்கு, வாங்கிட்டுக் கிளம்புங்க."

பசுமைத் தீர்ப்பாயத்தில் கம்பெனி வக்கீல், வட்டாரப் பேச்சு என்பதால் சிறு பிழை நேர்ந்திருக்கலாம் என்றார். நீதிபதி பதிவைப் போடச் சொன்னார். ஏ.சி. ஓடும் அந்த அறையில் குப்பம்மாவின் குரல் ஒன்பது நிமிடம் கேட்டது. சிவந்தி கடைசி வரிசையில் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இதில் வேலைவாய்ப்பு எங்கே வருகிறது?" என்று கேட்டார் நீதிபதி.

கம்பெனி வக்கீல் குறிப்பின் பதினோராம் பக்கத்தை மறுபடி புரட்டினார்.

குறிப்பு ரத்தானது. இரண்டு மாதத்துக்குள் மறுபடி கூட்டம் நடத்தி, எழுதியதைப் படித்துக் காட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. சந்தோஷமாகச் சொல்லப் போன சிவந்தியைக் குப்பம்மா நிறுத்தினாள்.

"மறுபடியுமா? மறுபடியும் நாங்களே போயி அழுவணுமா? பொய் எழுதுனவனுக்கு இன்னா தண்டனை?"

"அதுக்கு உத்தரவுல ஒண்ணும் இல்லக்கா."

குப்பம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் வரமாட்டாள் என்றே சிவந்தி நினைத்தாள்.

ஆனால் வந்தாள். குப்பமே வந்தது. அதே மண்டபம், அதே அதிகாரி. இந்தத் தடவை அவள் நீட்டிப் பேசவில்லை. "போன தபா நான் பேசினத தொலச்சிட்டீங்க. அத்த மொதல்ல எய்து" என்றாள்.

சாயங்காலம் அதிகாரி குறிப்பை வாசித்தார். குப்பம்மாவின் பெயர் வந்தது. "முந்தைய கூட்டத்தில் தமது கருத்து விடுபட்டதாகத் தெரிவித்தார்."

"விடுபடல! தொலச்சீங்க!" குப்பம்மா இருந்த இடத்திலிருந்தே கத்தினாள். பின்னால் இருந்து பத்து குரல் சேர்ந்துகொண்டது.

மேடையில் நடுவில் இருந்த பெரிய அதிகாரி கையைக் காட்டினார். வாசித்தவர் பேனாவைத் திறந்து, அடித்து, எழுதி, மைக்கில் படித்தார். "தொலைத்துவிட்டீர்கள் என்று தெரிவித்தார்." ஒவ்வொரு பெயருக்கும் இப்படியே நடந்தது. யாரும் பொட்டலத்துக்காக எழுந்து போகவில்லை.

விரிவாக்கத்துக்கு அனுமதி உண்டா இல்லையா என்பது இன்னும் தெரியவில்லை. பழைய கிடங்கு எப்போதும்போல ஓடுகிறது. திங்கட்கிழமை காலையிலிருந்து சிவந்தியும் உதயாவும் அதன் கேட்டுக்கு எதிரே நிற்கிறார்கள். தார்ப்பாய் போடாமல் கரி ஏற்றிப்போகும் ஒவ்வொரு லாரியின் நம்பரையும் எழுதிக்கொள்கிறார்கள். அடுத்த மனு அதைப் பற்றியது.