ரெண்டு பஃப்

அக்கா கழிப்பறைக்குள் போய் ஐந்து நிமிடமாகிவிட்டது. ஸ்கேன் அறைக்கு வெளியே நான் நடந்துகொண்டிருந்தேன். இரவு வேலையைப் பாதியில் விட்டு மூன்று மாதமாகிறது, பகலில் ஓரிடத்தில் உட்கார இன்னும் வரவில்லை.

அவளுக்குக் கடுமையான ஆஸ்துமா. ஆறு மாதமாக மாதம் ஓர் ஊசி. மூச்சுக்குழாய்களில் அடைத்திருந்த சளி குறைந்து குழாய் திறந்திருக்கிறதா என்று பழைய படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். திறந்திருந்தால் ஊசி தொடரும். இல்லையென்றால் நிறுத்திவிடுவார்கள். அதற்காக எட்டு மணி நேரம் இன்ஹேலரைத் தொடக்கூடாது. தொட்டால் குழாயைத் திறந்தது எந்த மருந்து என்று படத்துக்குத் தெரியாது. முன்பெல்லாம் தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்தே தூங்கியவள் இப்போது மல்லாந்து படுத்துக் குறட்டை விடுகிறாள். அதை எந்தப் படிவத்திலும் கேட்கவில்லை.

வெளியே வந்தவள் இன்ஹேலரை என் தோளிலிருந்த பைக்குள் போட்டாள். எடுத்துப் பார்த்தேன். இன்னும் எத்தனை பஃப் மிச்சம் என்று அதன் முதுகில் காட்டும் எண், பஸ்ஸில் அறுபத்து நான்கு, இப்போது அறுபத்திரண்டு.

“மூச்சு முட்டுச்சா?”

“இல்லடா. பயமா இருந்துச்சு. இப்பதான் மனுஷி மாதிரி தூங்குறேன். அத ஒரு படம் வந்து புடுங்கிட்டுப் போயிடும்னு.”

டெக்னீஷியன் படிவத்தோடு வந்து வழக்கமான கேள்விகளைக் கேட்டார். பஃப் எடுக்கவில்லை என்றாள் அக்கா. அவர் பேனாவைத் திறந்தார்.

“ரெண்டு எடுத்திருக்கா,” என்றேன்.

பொய்ப் படத்தை நம்பி ஊசி போட்டு, அது வேலை செய்யாமலே போய், ஒரு நாள் அவள் நீலமாகிக் கிடப்பது கண்ணில் வந்தது. அவ்வளவுதான். அவர் படிவத்தைக் குறுக்கே அடித்தார். அடுத்த ஸ்கேனுக்கு இடம் மூன்று வாரம் கழித்துத்தானாம். அதுவரை ஊசியும் கிடையாது.

அக்கா என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “வேலையத்தான் உன்னால தக்க வச்சுக்க முடியல. வாயயுமா?”

லிஃப்ட் திறந்தே நின்றது. அவள் படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். ஸ்கேன் அறை தரைக்குக் கீழே இரண்டாவது தளத்தில். நான் பின்னால் ஓடினேன். முதல் திருப்பத்திலேயே எனக்கு இரைத்தது. மேலே அவள் செருப்புச் சத்தம் ஒரே சீராக ஏறிக்கொண்டிருந்தது. அவளை ஏற்றுவது ஊசியா, அந்த ரெண்டு பஃப்பா?

சத்தம் நின்றது.

கைப்பிடியைப் பிடித்தபடி என் மூச்சை அடக்கிக்கொண்டு, அவளுக்கு இரைக்கிறதா என்று காதைக் கொடுத்தேன். மேலே, எங்கோ, ஒரு செருப்பு படியில் உரசியது.