ரிவர்ஸ் லைட்டுக்கு ஒரு சுவிட்ச்

நகரியிலிருந்து திருப்பதி லாட்ஜுகளுக்குத் துண்டு பண்டல் ஏற்றிப்போகும் ஜெயச்சந்திரனின் வேனில் ரிவர்ஸ் லைட் எரிந்து பல மாதம் ஆகியிருந்தது. கூடவே கத்தும் பஸ்ஸரும் ஊமையாகிவிட்டது. பல்பு மாற்றிப் பார்த்தார், வயரை இழுத்துப் பார்த்தார். கியர் பாக்ஸில் திருகியிருக்கும் சுவிட்ச்தான் போயிருக்கிறது என்று மெக்கானிக் சொன்னபிறகும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். இப்போது எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, வண்டியைக் காட்டியாக வேண்டும். லைட் எரியாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஷோரூமில், சுவிட்ச் தனியாக வராது, வயரோடு சேர்த்து செட்டாகத்தான் வாங்கவேண்டும் என்றார்கள். விலையைக் கேட்டதும், "அப்பறம் வர்றேன்" என்று எழுந்து வந்துவிட்டார்.

அடுத்த லோடுக்கு மனைவி ருக்மணியும் கூட வந்தாள். லாட்ஜ்காரர் ஒருவர் துண்டின் ஓரத்தையல் பிரிகிறது என்று குறை சொல்லியிருந்தார்; தைப்பது அவள் என்பதால் நேரில் பேச வந்தாள். அந்த வேலை முடிந்ததும் இருவரும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் இருக்கும் தெருவில் ஏறி இறங்கினார்கள். ஒரு கடையில் ஸ்டாக் இல்லை. இன்னொன்றில் ஷோரூம் விலையையே சொன்னார்கள். தெருக்கோடியில் பாலையாவின் கடை. அவர் பழைய சுவிட்சைக் கழற்றி வரச்சொல்லி, டப்பாவிலிருந்து வேறொன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"சூடன்னா, பாரு, இது வேற வண்டிது. ஆனா மரை ஒண்ணுதான், ஒயர் மாட்ற பின்னும் ஒண்ணுதான். தைரியமா போடு."

விலை ஷோரூமில் சொன்னதில் கால்வாசிகூட இல்லை. பாலையாவே வண்டிக்கடியில் படுத்துத் திருகினார். ஜெயச்சந்திரன் ஏறி உட்கார்ந்து, எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பி ரிவர்ஸ் கியரைப் போட்டார். கண்ணாடியில், பின்னால் இருந்த சுவரில் வெள்ளை வெளிச்சம் விழுந்தது. மனசு நிறைந்துபோனது.

"லைட் வந்துட்ச்சி. பஸ்ஸர் இன்னும் அடிக்கலயே?" என்றார்.

பாலையா எழுந்து ஜன்னலருகே வந்து துணியில் கையைத் துடைத்தார். "அடிச்சிக்கினுதானே கீது, அன்னா."

ஜெயச்சந்திரன் சிரித்தார். விளையாடுகிறார் என்று நினைத்தார். திரும்பிப் பார்த்தால், பம்பருக்குப் பக்கத்தில் நின்ற ருக்மணி முந்தானையால் ஒரு காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். எதிர்ச்சாரியில் பூக்கட்டுகிற பெண்ணும் முகம் சுளித்து இந்தப் பக்கம் பார்த்தாள்.

வண்டியை அப்படியே விட்டு இறங்கிப் போனார். குனிந்து, பஸ்ஸருக்கு விரற்கடை தூரத்தில் காதை வைத்தார். எங்கோ ஒரு கொசு கத்துவதுபோல் இருந்தது, அவ்வளவுதான்.

பாலையா கடைக்குள் போய்விட்டார்.

வண்டியை அணைத்துவிட்டு இருவரும் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். சாலையில் தன்னை முந்திக்கொண்டு போனவர்கள் ஜன்னலில் கைநீட்டித் திட்டியது இப்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஹாரன் அடிக்காமல் வருகிறார்களே என்று இவரல்லவா அவர்களைத் திட்டினார்! ருக்மணிகூட இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் சத்தம் போடுகிறாள், வயசானதும் கோபக்காரியாகிவிட்டாள் என்று மனசுக்குள் வருத்தப்பட்டிருக்கிறார்.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?" என்று கேட்டார்.

"தீபாவளிலேர்ந்து."

"சொல்லக்கூடாதா?"

"ரெண்டு வாட்டி சொன்னேங்க. உங்களுக்குக் கேக்கல. மூணாவது வாட்டி அதையே கத்திச் சொல்ல மனசு வர்ல." ருக்மணி வெளியே பார்த்தாள். "வண்டிய வுட்டுட்டு மூலைல குந்திக்குவீங்களோன்னு பயம் வேற."

பிறகு ஜெயச்சந்திரன் இறங்கிப்போய்ப் பாலையாவிடம் ஏதோ கேட்டார். அவர் கையை நீட்டி வழி காட்டினார்.

"எங்க?" என்றாள் ருக்மணி.

"காது டாக்டர்கிட்ட. எஃப்.சி. வண்டிக்கு மட்டும் போதுமா?"

சந்திலிருந்து வண்டியைப் பின்னால் எடுக்க, அவளை இறங்கி நின்று கைகாட்டச் சொன்னார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படிக் கேட்டதே இல்லை.

ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம். அவர்கள் முறை வந்தபோது, சின்ன வயசு டாக்டரம்மா ருக்மணியைப் பார்த்து, "ஏம்மா, ஐயாவுக்கு என்ன?" என்றாள். ருக்மணி வாயெடுப்பதற்குள் ஜெயச்சந்திரன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்:

"எனக்குக் காது கேக்கலம்மா. வண்டி ஓட்றவன். இன்னா பண்ணலாம், சொல்லுங்க."