ஆயிரத்து ஒன்பது

கணக்கு வாத்தியார் எங்கள் கல்வெட்டுப் பட்டறைக்குள் நுழைந்தபோது நான் உளியைக் கீழே வைக்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன்பு, வழிமுறை எழுதாமல் விடை மட்டும் போட்டேன் என்பதற்காக என்னைத் திருடி என்றவர். "எவளைப் பாத்து எழுதின?" என்று கேட்டு, என் நோட்டை வகுப்பின் முன்னால் நான்காகக் கிழித்தார். மறுநாளிலிருந்து நான் பள்ளிக்கூடம் போகவில்லை.

இப்போது அவர் தலைமை ஆசிரியர். புதுக் கணித அறையின் வாசலில் பதிக்கக் கருங்கல் பலகை வேண்டுமாம். சித்தப்பாவிடம் தாளை நீட்டினார்.

‘10,22,117. இது ஒரு பகா எண். கண்டறிந்தவர்’ என்று எழுதி, கீழே அவர் பெயர், பட்டங்களோடு.

"பகா எண்ணுன்னா என்ன சார்?" என்றார் சித்தப்பா.

"ஒண்ணையும் அதையும் தவிர வேற எதாலயும் மீதியில்லாம வகுக்க முடியாது. ஒரு மாசம் உக்காந்து வகுத்தேன். பத்து லட்சத்துக்கு வர்க்கமூலம் ஆயிரம். ஆயிரம் வரைக்கும் பாத்தாச்சு, மேல பாக்கவே வேண்டாம்."

"எனக்கு அளவு டேப்புல இருக்குற நம்பர்தான் சார் தெரியும்."

வாத்தியார் என் பக்கம் திரும்பினார். "அட, நீயா? பாத்து எழுதுற வேலையே கிடைச்சிருச்சு போல!"

சித்தப்பா சிரித்து வைத்தார். எனக்குக் காது சுட்டது.

அது வெறும் பத்து லட்சம் அல்ல. மேலே இருபத்திரண்டாயிரம் இருக்கிறது. 1011-ஐ 1011-ஆல் மனதுக்குள் பெருக்கினேன். 10,22,121. அவர் எண்ணைவிட நான்கு அதிகம். நான்கு, இரண்டின் வர்க்கம். அப்படியானால் 1011-இல் இரண்டைக் கழித்தால் ஒரு வகுத்தி, இரண்டைக் கூட்டினால் இன்னொன்று. அவர் நிறுத்திய ஆயிரத்திலிருந்து ஒன்பதே அடி தூரம்.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

எவருடைய கல்லறையிலோ தேதி மாறிப்போனதிலிருந்து எங்கள் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. வெட்டுவதற்கு முன் வாடிக்கையாளர் ‘பார்த்தேன், சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை நீட்டினேன்.

"நல்லாப் பாத்துட்டீங்களா சார்?"

"எனக்கே சொல்லித் தர்றியா?" கையெழுத்து விழுந்தது.

வழக்கமாக மூன்று மில்லிமீட்டர் ஆழம் வெட்டுவோம். நான் ஆறு வெட்டினேன்.

"எதுக்கும்மா இவ்வளவு ஆழம்?"

"நிலைச்சு நிக்கட்டும் சித்தப்பா."

திறப்பு விழாவன்று கல்லைச் சுற்றிக் கடைசிப் பூச்சு முடித்துவிட்டு, யாரும் வருமுன் அறைக்குள் போனேன். புதுக் கரும்பலகை. ‘1009 × 1013 =’ என்று எழுதிவிட்டு வந்து, சிமெண்டு வாளியோடு ஓரமாக நின்றேன்.

திரை விலகியது. கைதட்டினார்கள். உள்ளே போன கல்வி அதிகாரி பலகையைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, கணக்கு ரெடியா இருக்கே! யார் போடுறீங்க?" என்றார்.

ரெட்டைச் சடை போட்ட ஒருத்தி வந்தாள். வரிசை வரிசையாகப் பெருக்கிக் கூட்டினாள். கடைசி இலக்கம் எழுதியதும் வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"சார், இது வெளில கல்லுல இருக்குற நம்பர்! இதைத்தான் வகுக்க முடியாதுன்னு போட்டிருக்கு!"

முதலில் சிரித்தது அதிகாரிதான். பிறகு பிள்ளைகளை அடக்க முடியவில்லை. வாத்தியார் டஸ்டரை எடுத்துப் பலகையை அழித்தார். அழித்த இடத்தையே மறுபடி அழித்தார்.

மறுநாள் பட்டறைக்கு வந்தவர் நேரே என்னிடம் வந்தார். குரல் தணிந்திருந்தது.

"அந்த வரியை மட்டும் எடுத்துரலாமாம்மா?"

அவர் கையெழுத்திட்ட தாளை அவர் முன்னால் வைத்தேன்.

"ஆறு மில்லி ஆழம், தேச்சாப் போகாது. பேத்தா சுவரும் சேந்து வரும். கல்லு சார் அது. நோட்டா இருந்தா நாலாக் கிழிச்சிருக்கலாம்."