விருந்தாளிக்கு மட்டும்

எங்கள் வீட்டுக்கு இன்டீரியர் வேலை முடிந்த நாளிலிருந்து நான் மாடிப்படிக்கு அடியில் குடியிருக்கிறேன். மீட்டர் பெட்டிகளுக்குப் பக்கத்தில். காற்று வரும்.

வேலையை எடுத்துச் செய்தவர் பிரஜித். 'எளிய இல்லத்துக்கும் எழில்' என்பது அவருடைய கம்பெனியின் கொள்கை. பங்களாக்காரர்களுக்கு மட்டும் கிடைத்துவந்த அழகை, மடிப்பாக்கத்தில் இரண்டு படுக்கையறை வைத்திருப்பவனுக்கும் கட்டுப்படியாக்கவே தாம் பிறவி எடுத்ததாக முதல் நாளே சொன்னார். சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டார்.

"செலவு எதுனால ஏறுது தெரியுமா சார்?"

"மர வேலையா?"

"குடியிருக்கிறவங்களால. அவங்கதான் தேய்க்கிறாங்க. கறை பண்றாங்க. எண்ணெய்த் தலையோட சோபாவுல சாயறாங்க. அவங்கள எடுத்துட்டா யாருக்கும் கட்டுப்படியாகும்."

நியாயமாகப் பட்டது. கையெழுத்துப் போட்டேன்.

ஒப்பந்தப்படி விருந்தாளிகள் மட்டும் வரலாம். அழகை யாராவது பார்க்க வேண்டுமே. அவர்களுக்குக் கதவு திறக்க வீட்டார் ஒருவர் உள்ளே இருக்கலாம். என் மனைவி அரசியைப் பிரஜித் தேர்ந்தெடுத்தார். அவளுடைய நடை திரைச்சீலையோடு ஒத்துப்போகிறதாம். என் நடையைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்கு ஒரே ஒரு குறை. இருபத்தாறு வருடமாகச் சாயங்காலம் ஐந்து மணிக்கு நானும் அரசியும் காபியை வைத்துக்கொண்டு ஊர் வம்பு பேசுவோம். அது நின்றுபோனது. வம்பு சேர்ந்துகொண்டே இருந்தது.

விருந்தாளியாகப் போவதென்று முடிவு செய்தேன். அதற்குக் கம்பெனியில் ஒரு படிவம் உண்டு. 'வீட்டாருக்கு என்ன உறவு' என்ற இடத்தில் கணவர் என்று எழுதினேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள். தெரிந்தவர் என்று எழுதினேன். இருபது நிமிடம் அனுமதி கிடைத்தது.

மணி அடித்தேன். அரசி திறந்தாள்.

"வாங்க, வாங்க. வழி கண்டுபிடிக்கக் கஷ்டமா இருந்துதா?"

"இல்லீங்க."

ஹால் விசாலமாகிவிட்டிருந்தது. வாசலிலிருந்து சோபாவுக்கு நடக்க ஆறு நிமிடம் பிடித்தது. பாதி வழியில் ஒரு குத்துவிளக்கு நின்றது. அதைத் தாண்டியதும் சோபா கொஞ்சம் பின்னால் போனது. விடாமல் நடந்து போய் உட்கார்ந்தேன். அரசி நின்றாள்.

"நீங்களும் உட்காருங்களேன்."

"வீட்டுக்காரங்க உட்காரக் கூடாதுங்க."

கல்யாணத்துக்கு வந்த கோப்பையில் ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தாள். அந்தக் கோப்பையில் நான் குடித்ததே இல்லை.

"வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியம்."

"அடுத்த தடவை அவங்களையும் கூட்டிட்டு வாங்க."

"அவங்களால வெளிய வர முடியாது."

அரசி சுவரைப் பார்த்தாள். சுவரில் மலை வரைந்த ஒரு படம் இருந்தது. படத்துக்குள் யாரும் இல்லை.

"உங்க வீடு எப்படி?" என்றாள்.

"சின்னதுதான். ஒட்டடை இருக்கு."

"உட்காரலாமா?"

"சாயவே சாயலாம்."

"எண்ணெய்த் தலையோடயா?"

"தாராளமா."

குரலைத் தாழ்த்தினாள். "நாலு மாசமா நிக்கறேங்க. காலு ரெண்டும் கட்டை மாதிரி ஆயிடுச்சு."

குனிந்து பார்த்தேன். கணுக்கால் வரைக்கும் தேக்கு ஏறியிருந்தது. வேலைப்பாடு நன்றாகவே இருந்தது.

"வந்துடு," என்றேன். விருந்தாளி அப்படிப் பேசக் கூடாது. எங்கோ ஒரு விளக்கு மங்கியது.

"கதவு யாரு திறப்பாங்க?"

"யாராவது திறப்பாங்க."

அவள் ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டாள். வாசலுக்குத் திரும்ப ஒன்பது நிமிடம் ஆனது. டக் டக்கென்று நடந்து வந்தாள். படி இறங்க இறங்கச் சத்தம் குறைந்தது. கீழே வந்தபோது வெறும் கால்தான் இருந்தது.

பழைய பேப்பரை விரித்தேன். உட்கார்ந்தாள். காலை நீட்டிக்கொண்டாள். பிறகு மூன்றாம் மாடிக்காரரின் மச்சினர் விஷயத்தை ஆரம்பித்தாள்.

பாதியில் பிரஜித் வந்து நின்றார். எங்களையும் பேப்பரையும் ஒட்டடையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், இங்க ஒரு இது இருக்கே. யார் பண்ணது?"

"யாரும் பண்ணல. உட்கார்ந்தோம்."

"கொஞ்சம் எழுந்து தள்ளி நில்லுங்க. ஆள் இல்லாம ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

நான் பாதி எழுந்துவிட்டேன். அரசி என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"தம்பி, நாங்க எழுந்திருக்கறதா இல்ல. உனக்கு வேணும்னா உட்காரு."

"நானா?"

"ஏன், உனக்கு உட்காரத் தெரியாதா?"

அவர் யோசித்தார். "மூணு வருஷம் ஆச்சும்மா. என் வீட்டையும் நானேதான் பண்ணேன்."

அரசி பேப்பரில் இடம் விட்டாள். அவர் முதலில் ஒரு முழங்காலை மடக்கினார். அது கிறீச்சிட்டது. அப்புறம் மற்றதையும் மடக்கினார். அரசி ஃபிளாஸ்க் மூடியில் காபி ஊற்றிக் கொடுத்தாள். கண்ணைத் திறந்துகொண்டே குடித்தார்.

மேலே எங்கள் வீட்டு மணி அடித்தது. மூன்று பேரும் நிமிர்ந்தோம். யாரும் அசையவில்லை.

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "வாங்க, வாங்க. வழி கண்டுபிடிக்கக் கஷ்டமா இருந்துதா?" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். அரசியின் குரலேதான்.

அரசி காது கொடுத்துக் கேட்டாள்.

"வீடு நல்லாத்தான் உபசரிக்குது," என்றாள். "எங்க விட்டேன்? ஆங், அந்த மச்சினர்."