ஏழாவது கேள்வி

அவளுடைய பதவியின் பெயருக்கு விசிட்டிங் கார்டில் இரண்டு வரி தேவைப்பட்டது: வியூகம் மற்றும் கூட்டாண்மை மேலாளர். வட்டார அறக்கட்டளை ஒன்றில் ஆறு வருடமாக அந்த நாற்காலி. யாருக்கு உதவலாம், யாரை யாரோடு சேர்த்துவிட்டால் காரியம் நடக்கும், அடுத்த மூன்று வருடத்துக்கு எந்தப் பக்கம் போகலாம் என்று யோசித்து எழுதித் தருவது வேலை. இதை வீட்டில் விளக்கி விளக்கி வாய் வலித்ததுதான் மிச்சம். மாமியார் கடைசியில் தானே ஒரு முடிவுக்கு வந்து பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டார்: "நல்லது பண்றவங்களுக்குள்ள சம்பந்தம் பேசி முடிக்கிற வேலை." அன்றிலிருந்து கணவனுக்கு அவள் 'தரகர்'. பதவிப் பெயரைவிட அதுவே பொருத்தமாக இருப்பதாக அவளுக்கும் உள்ளூர ஒரு எண்ணம் உண்டு.

ஆனால் இந்த வாரம் வந்து சேர்ந்தது சேர்த்துவைக்கும் வேலையல்ல, வெட்டிவிடும் வேலை. ஒரு பகுதியில் ஒரு பணிக்கு ஒரே அமைப்பு என்று அறங்காவலர்கள் முடிவெடுத்திருந்தார்கள். ஊரின் வடக்குப் பக்கத்திலோ டயாலிசிஸ் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவர இரண்டு அமைப்புகள். ஒன்றை நடத்துவது ஓய்வுபெற்ற நர்ஸ். இன்னொன்றை நடத்துவது முன்னாள் பஸ் டிரைவர். ஆளுக்கொரு வேன், ஓட்டுவதும் அவர்களேதான். இரண்டில் எது நிற்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமை கூட்டத்தில் இவள் சொல்ல வேண்டும். நின்றுபோன வேனின் ஆட்களை மற்ற வேன் ஏற்றிக்கொள்ளும் என்பது அறங்காவலர்கள் போட்ட திட்டம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அவளுக்குத் தெரியும். அறுபத்திரண்டு நோயாளிகளை ஒரே வேனால் சமாளிக்க முடியாது.

இருவரையும் ஒன்றாக்கிவிடலாமே என்றால் அதற்கும் வழியில்லை. அவள் பார்த்த வரையில் அவர்கள் கீரியும் பாம்பும். அறக்கட்டளைக் கூட்டங்களில் நர்சம்மா முன் வரிசையில் உட்கார்ந்தால் டிரைவர் அண்ணன் கடைசி வரிசைக்குப் போவார். அவர் டீ எடுக்க எழுந்தால் இந்த அம்மா தன் கோப்பையை வைத்துவிட்டு வெளியே போய்விடுவார். விண்ணப்பத்திலும் அதே முறைப்புதான். ஏழாவது கேள்வி, 'உங்களைத் தவிர வேறு யாரும் செய்யாதது எது?' அவள் வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில் உட்கார்ந்து யோசித்துச் சேர்த்த கேள்வி அது. அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு. அதற்கு இரண்டு பேரும் ஒரே வாக்கியத்தை எழுதியிருந்தார்கள்: 'இப்பகுதியில் இப்பணியைச் செய்வோர் எம்மைத் தவிர எவரும் இலர்.' வாழ்நாள் முழுக்க ஸ்டியரிங் பிடித்த மனுஷர் 'எவரும் இலர்' என்று எழுதுவாரா என்று அவள் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

புதன்கிழமை காலை, சொல்லாமல் கொள்ளாமல் நர்சம்மாவின் அலுவலகத்துக்குப் போனாள். டயர் கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. சுவரில் வெள்ளைப் பலகை, அதில் நோயாளிகளின் பெயர்கள் பாதி நீலத்திலும் பாதி பச்சையிலும் இருந்தன.

"பச்சை எதுக்கும்மா?" என்று கேட்டாள்.

"அது… சாயங்கால ஆளுங்க," என்றார் நர்சம்மா. சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் பலகையை மறைத்தாற்போலப் போட்டு உட்கார்ந்தார்.

பச்சைப் பெயர்களுக்கு நேராகக் காலை ஏழு மணி, எட்டு மணி என்றிருந்தது. அதைக் கேட்க அவள் வாயெடுப்பதற்குள் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. பக்கவாட்டில் டிரைவர் அண்ணன் அமைப்பின் பெயர் முழ நீளத்துக்கு எழுதியிருந்தது. அவர் சாவியைச் சுழற்றிக்கொண்டே இறங்கி, "சிஸ்டர், கடைசித் தெரு வாத்தியாருக்கு இன்னைக்கு…" என்று தொடங்கியவர், உள்ளே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"டயர் பாக்க வந்தேன்," என்றார்.

"டயர் கடை முன்பக்கம் இருக்கு," என்றார் நர்சம்மா, அவர் முகத்தைப் பார்க்காமல்.

"ஆமாம், முன்பக்கம்தான்," என்றார் அவர். ஆனால் போகவில்லை.

இரண்டு பேருக்கும் பொய் சொல்லிப் பழக்கமில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. மிச்சத்தை வேனுக்குள் இருந்த நோயாளி, ஒரு தையல்கார அம்மா, ஜன்னல் வழியே போட்டு உடைத்தார். "சிஸ்டர், நான் இங்கயே இறங்கி உங்க வண்டியில ஏறிக்கவா? எப்பவும் இப்படித்தானே மாறிக்கிறோம், இன்னைக்கு என்ன ரெண்டு பேரும் சிலையாட்டம் நிக்கிறீங்க?"

அதற்குப் பிறகு மறைக்க என்ன இருக்கிறது? காலையில் வீடுகளிலிருந்து ஏற்றிவருவது பெரும்பாலும் டிரைவர் அண்ணன், ஆஸ்பத்திரியில் சேர்த்து, முடிந்ததும் கொண்டுபோய் விடுவது பெரும்பாலும் நர்சம்மா. ஒரு வண்டி படுத்தால் மற்றது இரண்டு மடங்கு ஓடும். ஐந்து வருடமாக இதுதான் நடக்கிறது. பலகையில் நீலம் நர்சம்மாவின் ஆட்கள், பச்சை டிரைவர் அண்ணனின் ஆட்கள். அவருடைய விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்ததும் நர்சம்மாதான்.

"அப்புறம் ஏன் என்கிட்ட மறைச்சீங்க? கூட்டத்துல ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்க மாட்டீங்களே."

நர்சம்மா மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். அறக்கட்டளையின் கடிதம். 'மற்றோர் அமைப்புடன் இணைந்தே செய்வதாகக் குறிப்பிட்டுள்ளீர்கள். உங்கள் பணியின் தனித்தன்மை தெளிவாக இல்லை. இவ்வாண்டு பரிசீலிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்.' கீழே அவளுடைய கையெழுத்து.

"முதல் வருஷம் உள்ளதை உள்ளபடி எழுதினோம்," என்றார் நர்சம்மா. "ரெண்டு பேருக்கும் இதே பதில்தான் வந்துச்சு. சேர்ந்து செஞ்சா உங்களுக்குப் பிடிக்காதுன்னு நெனச்சோம். அதான் உங்க முன்னாடி பேசிக்கிறது இல்ல."

அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இப்படி ஒரு கடிதம் எழுதியதே நினைவில்லை. வருடத்துக்கு நாற்பது கடிதத்தில் ஒன்று.

"பொய்த் தகவல் கொடுத்தா உதவி ரத்துன்னு விதி இருக்கே," என்றார் டிரைவர் அண்ணன். "நீங்க போய்ச் சொன்னா ரெண்டு வண்டியும் நின்னுடும். ஒண்ணை நிறுத்தணும்னா என்னோடதை நிறுத்துங்க. சொல்லிடாதீங்கம்மா."

மாலையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கணவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் கண்ணீரோடு சிரித்தான். "நீ பொருத்தம் பாக்கப் போன இடத்துல அவங்க குடும்பமே நடத்துறாங்களா?"

"சிரிக்காதீங்க. பேசாம இருந்தா ஒரு வண்டி போகும். சொன்னா ரெண்டும் போகலாம்."

"சொல்லாம இருந்தா உனக்குச் சோறு இறங்குமா?"

இறங்காது என்று அவளுக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை, நீள மேசையின் தலைப்பக்கம் அறங்காவலர்களின் தலைவி. அவர் பல் டாக்டர், யாரையும் அதிக நேரம் வாயைத் திறந்து வைத்திருக்க விடமாட்டார். அவள் சுற்றி வளைக்கவில்லை. பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். எதிரிலிருந்த ஆடிட்டர் உடனே விதிப் புத்தகத்தை எடுத்தார். "ரெண்டு பேருமே பொய் எழுதியிருக்காங்க. விதி தெளிவா இருக்கு."

அவள் கடிதத்தை மேசையில் வைத்தாள். "ஒரு தடவை உண்மையையும் எழுதினாங்க, சார். அதுக்கு நாம கொடுத்த பதில் இது. கேள்வியும் என்னுது, கையெழுத்தும் என்னுது. தப்புன்னா முதல்ல என் பேரை எழுதுங்க."

தலைவி கடிதத்தை வாய்விட்டுப் படித்தார். பிறகு விண்ணப்பத்தைப் புரட்டி ஏழாவது கேள்வியில் விரலை வைத்தார்.

"இதே கேள்விக்கு நம்ம அறக்கட்டளை என்ன பதில் எழுதும்? நம்மளைத் தவிர வேற யாரும் செய்யாதது எது?"

ஆடிட்டர் தொண்டையைக் கனைத்தார். ஒருவர், "உதவி…" என்று தொடங்கி, அதை ஊரில் இன்னும் பல பேர் செய்வது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார். ஆடிட்டர் விதிப் புத்தகத்தை மூடி ஓரமாக வைத்தார்.

"கேள்வியை மாத்துங்க," என்றார் தலைவி. "ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே விண்ணப்பமா கொடுக்கட்டும். ரெண்டு வண்டியும் ஓடட்டும். அடுத்தது என்ன?"

செவ்வாய்க்கிழமை மதியம் இருவரும் அலுவலகத்துக்கு வந்து, முதல் தடவையாகப் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த பத்தாவது நிமிடமே சண்டை. யார் பெயர் முதலில் வர வேண்டும் என்று. அவர் "உங்க பேரைப் போடுங்க" என்கிறார், இவர் "வயசுல மூத்தவர் நீங்கதானே அண்ணே" என்கிறார். இத்தனை வருடம் ஒளித்துவைத்த ஒற்றுமை வெளிச்சத்துக்கு வந்ததும் இப்படி அடித்துக்கொள்கிறதே என்று அவளுக்குச் சிரிப்பாக வந்தது. மனசு நிறைந்தும் இருந்தது. பெயர்களை அகர வரிசையில் போடச் சொல்லிவிட்டு டீக்குச் சொன்னாள்.

திரும்பி வந்தபோது டிரைவர் அண்ணன் தாமே பேனாவை வாங்கி ஏழாவது கேள்விக்கு எழுதிக்கொண்டிருந்தார். கேள்வி இப்போது வேறு: 'யாரோடு சேர்ந்து செய்கிறீர்கள்? அவர் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்?' பேசுகிற மாதிரியே, எழுத்துக் கூட்டி எழுதினார். அவள் தோளுக்கு மேலிருந்து படித்தாள்.

'ரெண்டு வருஷம் முன்னாடி என் சம்சாரம் தவறின அன்னைக்கும், அதுக்கப்புறம் ரெண்டு வாரமும் என் வண்டி நிக்கல. சிஸ்டர்தான் ரெண்டு வண்டியையும் மாத்தி மாத்தி ஓட்டினாங்க. ஒருத்தருக்கும் தவறல.'

அந்தக் காலாண்டின் அறிக்கையில் அவர் பெயரில் வந்த வரி அவளுக்கு நன்றாக நினைவிருந்தது: 'சேவை ஒருநாளும் தடைபடவில்லை.' சிறந்த நிர்வாகத்துக்கு உதாரணமென்று அதை ஆண்டு மலரில் போட்டவள் அவள்தான். அவருடைய மனைவி இறந்ததே அவளுக்குத் தெரியாது. டீத் தட்டை மேசையில் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

நர்சம்மா எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இதையெல்லாம் எதுக்கண்ணே எழுதிக்கிட்டு?"

அவர் பேனாவை நிறுத்தவில்லை.

"இப்பதானே கேக்குறாங்க, சிஸ்டர்," என்றார்.