லாரியில் இருப்பதற்கு என்ன பெயர்

1

இந்தக் கதை ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டபோது பிறந்தது. தொண்ணூற்று நாலில், அவினாசி ரோட்டில், இடித்த வீட்டுச் செங்கல் முன்னால் போக, ஸ்கூட்டரில் நான் பின்னால். கண்ணெல்லாம் புழுதி. யார் வீடோ என்று நினைத்தேன். நினைத்ததுதான் தப்பு, அன்றிலிருந்து நிம்மதி போயிற்று.

முதல் வரி: ‘கொங்கு நாட்டின் கரிய மண்ணில்…’ [சே! பாட்டுப் பாடவா வந்தோம்?]

2

சோமனூரில் கோமளாவின் தறிக்கூடம். அடியில் களிமண். மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். தரை ஒரு பக்கம் இறங்கி, தறிகள் சாய்ந்து, நெய்ததெல்லாம் பழுது. அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை.

“செங்கலும் பழைய சுவத்துக் காரையும் பொடிச்சு, சுண்ணாம்பு சேர்த்து, இந்தக் களியோட கலந்து திமிசுக் கட்டையால இடிச்சு உட்டா இறுகிக்குங்க அம்மணி,” என்றார் அப்துல் குத்தூஸ். பழைய வீடுகளை இடிப்பது அவர் தொழில். “கோயமுத்தூர்ல உங்கண்ணன் ஊட்டத்தான் இப்ப இடிக்கறனுங்க.”

அது கோமளா பிறந்த வீடு. சொத்துப் பிரித்தபோது அவளுக்கு ஒன்றும் வரவில்லை. (இந்த இடத்தில் அவளை அழவைக்கப் பார்த்தேன். மாட்டேன் என்கிறாள், பிடிவாதக்காரி.) இடித்த கல்லைக் கேட்டு அண்ணனுக்குப் போன் போட்டாள்.

3

லாரியோடு அண்ணன் வெங்கடபதியும் காரில் வந்து இறங்கினார்.*

“எடுத்துக்க கண்ணு. எப்படியும் குளத்துல கொட்டற குப்பைதானே.”

“குப்பை வேண்டாங்ண்ணா. பொறந்த ஊட்டுச் சீருன்னு சொல்லிக் குடுங்க, வாங்கிக்கறேன்.”

“இடிச்ச கல்லையும் மண்ணையும் சீருன்னு குடுத்தா ஊரு சிரிக்காதா?”

“ஒண்ணுமே குடுக்காதப்ப ஊரு சும்மாதான இருந்துச்சுங்க?”

வெங்கடபதியின் மனம் கரைந்து… [அடித்துவிட்டேன். அந்த ஆள் கரையமாட்டார்.]

* அண்ணனும் தங்கையும் தெலுங்கில்தான் பேசுவார்கள். குத்தூஸ் பாய்க்கும் புரியட்டும் என்று இன்று தமிழ்.

4

ஒரு முடிவு: கோமளா குப்பையாகவே வாங்கிக்கொள்கிறாள். தரை நிற்கிறது, தறி ஓடுகிறது. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

இன்னொன்று: லாரி திரும்பிப் போகிறது. அடுத்த மழையில் தறிக்கூடம் போகிறது. வீறாப்பு சோறு போடுமா என்று என்னைத்தான் திட்டுவீர்கள்.

அண்ணன் ‘சீர்’ என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால்… [எழுதிப் பார்த்தேன். அவர் வாயில் வரவில்லை.]

வெங்கடபதி காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். வானம் வேறு கறுத்துவிட்டது. லாரி உறுமிக்கொண்டு நிற்கிறது.

“என்னன்னு சொல்லி இறக்கட்டுங்க அம்மணி?” என்கிறார் குத்தூஸ்.

கோமளா காரைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை, உங்களைப் பார்க்கிறாள். உங்களுக்குத் தங்கை உண்டா? அப்படியானால் நீங்களே சொல்லுங்கள்.