ஐந்தரை மணி ஊசி

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் மெஷின் 7.1 என்று காட்டியது. நான் நம்பவில்லை. எட்டுக்குக் கீழே இருந்தால் ஊசி போடாதீர்கள், உடனே எனக்குப் போன் செய்யுங்கள் என்று மிருக டாக்டர் ஐனா சொல்லியிருந்தார். அதைப் பெரிய எழுத்தில் எழுதி ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டியதே நான்தான். ஆனால் நோட்டில் மூன்று வாரமாகக் காலையும் மாலையும் பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது என்றே இருக்கிறது. திடீரென்று ஏழு எங்கிருந்து குதிக்கும்? பத்து காவான் ஊரில் இருக்கும் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக என் வேலையே சரக்கை அளந்து பார்ப்பதுதான். ஒரு அளவு மட்டும் விலகி நின்றால் மறுபடி அளக்க வேண்டும். கிச்சாப்பின் காது நுனியை மறுபடி குத்தினேன். 8.3. அப்பாடா என்று ஊசியில் மூன்று யூனிட் இன்சுலின் இழுத்தேன்.

என் வீட்டுக்காரர் மோகனராஜ் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்துப் போடு, மணி. மூணு சாஸ்தியா இருக்கப் போவுதுலா."

"சாயங்கால நம்பரெல்லாம் யாரு எழுதினது? நீங்கதானே? அத வெச்சுத்தானே டாக்டரு மூணுன்னாங்க?"

நான் போட்டேன்.

கிச்சாப் எங்கள் பூனை. மலாயில் கிச்சாப் என்றால் சோயா சாஸ், அந்தக் கறுப்பு, அதனால் அந்தப் பெயர். பதினோரு வயது. பிள்ளை இல்லாத வீட்டில் பிள்ளைக்குப் பிள்ளையாக இருந்தது. பிப்ரவரியில் தண்ணீரைக் குடித்துக் குடித்து மெலிந்தபோது கொண்டுபோய்க் காட்டினோம். இனிப்புநீர் என்றார்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு ஊசி, ஊசிக்கு முன்னால் ரத்தம் பார்த்து எழுத வேண்டும். காலை என்னுடையது. ஆறு மணிக்கு ஆயர் ஈத்தாமில் கம்பெனி பஸ் ஏறினால் வீடு திரும்ப இரவு எட்டரை ஆகிவிடும், அதனால் மாலை அவருடையது. கண்டெய்னர் லோரி ஓட்டி முதுகு போய், ஆபரேஷன் ஆகி இரண்டு வருடமாக அவர் வீட்டில்தான் இருக்கிறார். வாரத்துக்கு ஒருமுறை நோட்டைப் படம் பிடித்து டாக்டருக்கு அனுப்புவேன். இன்னும் குறையவில்லையே என்று டாக்டர் ஒன்றை இரண்டாக்கினார், இரண்டை மூன்றாக்கினார். மூன்று வாரமும் எனக்கு விடாமல் ஓவர்டைம். அந்தச் சனி ஞாயிறுதான் முதல் லீவு. சனிக்கிழமை இரண்டு ஊசியும் நானே போட்டேன். மாலையில் 11.6 காட்டியது. மருந்து ஒருவழியாகப் பிடித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன், மடச்சி.

ஞாயிறு பத்து மணிக்கு கிச்சாப் குடிகாரன்போல் நடந்து வந்து, சமையல்கட்டு வாசலில் விழுந்து வலிப்பில் இழுக்க ஆரம்பித்தது. நான் அதன் ஈறில் தேனைத் தடவிக்கொண்டே இருக்க, அவர் முதுகு வலியோடு கிளினிக்குக்குக் காடியை ஓட்டினார். டாக்டர் ட்ரிப்ஸ் ஏற்றிவிட்டு வந்து நோட்டைக் கேட்டார். புரட்டினார். பிறகு மெஷினைக் கேட்டார். அந்த மெஷின் தான் பார்த்த எல்லா அளவையும் தேதி, நேரத்தோடு சேர்த்துவைத்திருக்கும். அது எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்குத் தெரியாது போலிருக்கிறது. காலை, காலை, காலை, காலை. இந்தச் சனிக்கிழமையைத் தவிர மூன்று வாரத்தில் ஒரு மாலை கிடையாது. டாக்டர் என்னைத் திட்டவில்லை. ஒரு ஊசிதான் போய்க்கொண்டிருந்தால் காலையில் பதினெட்டு காட்டத்தான் செய்யும், அந்தக் கணக்கில் ஏற்றிய மருந்தை இரண்டு வேளையும் போட்டால் எந்தப் பூனையும் தாங்காது என்று மலாயில் நிதானமாகச் சொன்னார்.

வெளியே பெஞ்சில் என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஊசியும் போடலயா?"

"போடல."

தினம் ஒரு புது ஊசியை எடுத்து, மூடியைக்கூடக் கழற்றாமல் குப்பையில் போட்டிருக்கிறார்.

"ஏன்?"

"மொதல்ல, பிப்ரவரியில, போட்டேன்லா. அப்புறம் அஞ்சு மணியானா அலமாரிக்குக் கீழ போயி உக்காந்துக்குது. மறுநாளும் கிட்ட வர மாட்டேங்குது. நீ காலையில போனா ராவுக்கு வர. நான் செவுத்துகிட்டயா பேசுறது?"

"அதுக்குச் சாவடிப்பீங்களா?"

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னார். "மூணு போட்டது நீதான, மணி."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே ஓங்கி அறைந்திருப்பேன். அறையவில்லை, ஏனென்றால் அது உண்மை. இன்னொன்றும் உண்மை. என் காலை வரிகளில் ரத்தக்கறை இருக்கும், அடித்தல் இருக்கும். அவருடைய மாலை வரிகள் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், கறையில்லாமல் பளிச்சென்று இருந்தன. இப்படிப் பளிச்சென்று எழுதிக் கொண்டுவந்த எத்தனை பேருக்கு நான் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறேன்! நோட்டைப் பார்த்தும் தெரியவில்லை என்றால் அது பொய். இரண்டாவது வாரமே மனசுக்குள் முள்ளாகக் குத்தியது. கேட்டால் சண்டை வரும், சண்டைக்குப் பிறகு அந்த வேலையும் என் தலையில் விழும். கேட்காமல் சோற்றைப் போட்டுச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். இன்னும் கேவலமான ஒன்று இருக்கிறது. ஊசி பிடித்த நாளிலிருந்து அந்தப் பூனை என்னைக் கண்டால் ஓடும். அவர் வயிற்றின் மேலோ கொஞ்ச நாளாக ராஜாபோல் தூங்கும். அவரும்தான் குத்துகிறார், அவரிடம் மட்டும் என்ன கொஞ்சல் என்று பொறாமையில் எரிந்துகொண்டிருந்தேன்.

கிச்சாப் பிழைத்தது. ஆனால் பின்னங்கால் ஒன்றை இழுத்து நடந்தது. பார்வை முழுதும் திரும்புமா என்று இப்போதே சொல்ல முடியாது என்றார் டாக்டர். பழையபடி ஒரு யூனிட், இரண்டு வேளை. மாலையில் போட ஆளில்லை என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், பூனையை இழுத்தடித்து வதைக்க வேண்டாம் என்றும் சொன்னார். ஒரேயடியாகத் தூங்கவைத்துவிடலாம் என்று அர்த்தம், எங்கள் இரண்டு பேருக்கும் புரிந்தது. "நான் போடுறேன்," என்று அவர் தமிழில் என்னிடம் சொன்னார். டாக்டருக்கு நான் மலாயில் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரைக்கு கம்பெனி கேன்டீனில் ஒரு மூலையில் நின்று வீடியோ கால் போட்டேன். போனை பிஸ்கட் டின்னில் சாய்த்துவைத்திருந்தார். கிச்சாப் துண்டில் சுற்றி அவர் மடியில் இருந்தது. காது நுனியில் குத்தினார். மெஷினை எனக்கு நேரே நீட்டினார். 13.9.

"தெரியுதா?"

"தெரியுது. ஒன்னு போடுங்க."

தோலைத் தூக்கிப் பிடித்துப் போட்டார்.

"காலி ஊசியக் காட்டுங்க."

காட்டினார். என் லைனில் வேலை செய்யும் பெண்களிடம்கூட நான் இவ்வளவு கேட்டதில்லை.

கிச்சாப் துண்டை உதறிக்கொண்டு, காலை இழுத்தபடி அலமாரிக்கு அடியில் போய்விட்டது. அவர் போனை அணைக்க மறந்துவிட்டார். நாற்காலியைப் பிடித்து, ஒரு கையை ஊன்றி, ஆபரேஷன் செய்த முதுகோடு கொஞ்சம் கொஞ்சமாகத் தரையில் இறங்கினார். நல்லவேளை, விழவில்லை. தொடையைத் தட்டினார்.

"வாடா. அப்பா ஒன்னும் பண்ணலடா."

பிரேக் முடிந்த மணி அடித்தது. எல்லோரும் எழுந்து லைனுக்குப் போனார்கள். நான் போனைக் காதோடு வைத்துக்கொண்டேன்.

"அம்மாதாண்டா போடச் சொன்னா. அப்பாவா போட்டேன்? அம்மா கெட்டவடா. வாடா."

ஏங்க என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். போனை இறக்கிப் பார்த்தேன். அவர் கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்து, அலமாரிக்கு அடியில் தோள்வரை கையை விட்டிருந்தார். அந்தக் கை அங்கே எதையாவது தொட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.